கடைசியாக எழுத வேண்டிய பெயர்

பிசியோதெரபி படித்து முடித்து, ஏதோ ஓர் எலும்பு மருத்துவமனையிலோ சொந்த ஊர் கிளினிக்கிலோ முதல் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பிட்டத்தில் தொடங்கிக் காலில் இறங்கும் வலியோடு தினமும் யாராவது உங்கள் முன் வந்து உட்காருவார்கள். முன்பெல்லாம் அவர்கள் எல்லோருக்கும் 'ஜவ்வு விலகல்' என்று ஒரே பெயர்தான். இப்போது நோயாளியே ரீல்ஸ் பார்த்துவிட்டு, "எனக்கு பைரிஃபார்மிஸ் சார்" என்று சொல்லிக்கொண்டே வருகிறார். நாமும் இரண்டு சோதனைகளைச் செய்துவிட்டு ஆமாம் போடுகிறோம், ஸ்ட்ரெட்ச் படம் போட்ட தாளைக் கொடுத்து அனுப்புகிறோம். அப்படி ஒரு கோளாறு இருப்பது உண்மைதான். மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு எழுத வேண்டிய பெயர் அது என்பதே என் வாதம்.

1. எங்கே வலி என்று கேட்டால் போதாது, கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நம் ஊரில் 'இடுப்பு வலி' என்று சொல்பவருக்கு முதுகின் அடியில் வலிக்கலாம், பிட்டத்தில் வலிக்கலாம், தொடைச் சந்திலும் வலிக்கலாம். பெண்கள் பலர் கூச்சத்தில் பிட்டம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "எழுந்து நின்னு, கைய வெச்சுக் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். இடுப்புக்குக் கீழே குழி விழும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டால் சேக்ரோஇலியாக் மூட்டை நினையுங்கள். தொடைச் சந்தைப் பிடித்துக் காட்டினால் இடுப்பு மூட்டு. உட்காரும்போது தரையில் படுகிற எலும்பைக் காட்டினால், பின்தொடைத் தசை அங்கே ஒட்டும் இடம். பிட்டத்தின் நடுவில் உள்ளங்கையை அழுத்தி, அங்கிருந்து பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை கையை இழுத்துக்கொண்டு போகிறவரிடம்தான் நாம் இங்கே பேசும் விஷயம் தொடங்குகிறது.

2. பைரிஃபார்மிஸ் தசையைப் படுத்த நிலையிலும் உட்கார்ந்த நிலையிலும் தனித்தனியாக மனதில் பார்த்து வையுங்கள்.

பைரிஃபார்மிஸ் சேக்ரத்தின் முன்பக்கத்தில், இரண்டாம் துண்டு முதல் நான்காம் துண்டு வரை ஒட்டிப் பிறக்கிறது. சயாட்டிக் துளை வழியாக இடுப்புக்கூட்டை விட்டு வெளியே வந்து, தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பில் போய் ஒட்டுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதன் கீழ் ஓரத்தை ஒட்டித்தான் சயாட்டிக் நரம்பு வெளியே வரும். கால் நீட்டியிருக்கும்போது இந்தத் தசை தொடையை வெளிப்புறமாகத் திருப்பும். இடுப்பை 90 டிகிரி மடக்கிவிட்டால் அதே தசை தொடையை அகற்றுகிற வேலைக்கு மாறிவிடும். உட்கார வைத்து ஒரு சோதனை, படுக்க வைத்து இன்னொரு சோதனை என்று பாடத்தில் வருவதன் காரணம் இதுதான். காரணம் புரியாமல் மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு முடிந்த மறுநாளே இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

நரம்பு எல்லோருக்கும் ஒரே வழியில் போவதில்லை. சிலருக்கு அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பிரிவு தசையைத் துளைத்துக்கொண்டே வரும். பீட்டனும் ஆன்சனும் 1937-இல் இந்த மாறுபாடுகளை வகைப்படுத்தினார்கள். அதைப் படித்த உற்சாகத்தில், "உங்களுக்கு நரம்பு தசைக்குள்ள போகுது, அதான் வலி" என்று நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள். 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், 6,000-க்கும் மேற்பட்ட சடல ஆய்வுகளில் 16.9 சதவீதம் இப்படிப்பட்ட மாறுபாடு இருந்தது. பைரிஃபார்மிஸ் கோளாறுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் அது 16.2 சதவீதம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வலியே இல்லாமல் வாழ்ந்து முடித்தவர்களுக்கும் அதே அமைப்பு இருந்திருக்கிறது.

3. கொஞ்சம் பழைய கதையும் தெரிந்திருக்கட்டும்.

1928-இல் யோமன் என்பவர் சேக்ரோஇலியாக் மூட்டு அழற்சி, இந்தத் தசை, சயாட்டிகா வலி மூன்றையும் முடிச்சுப் போட்டு எழுதினார். 1934-இல் ஃப்ரைபர்க் அதே வழியில் போனார். அதே 1934-இல் பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும், முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதுதான் சயாட்டிகா என்று காட்டிவிட்டார்கள். உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது, திரும்பியதில் நியாயமும் இருந்தது. பெரும்பாலான சயாட்டிகாவுக்கு இன்றும் முதுகுதான் காரணம். 1947-இல் ராபின்சன் பைரிஃபார்மிஸ் கோளாறு என்று பெயர் சூட்டி ஆறு அடையாளங்களை எழுதியபோது, தொடுகையில் தட்டுப்படும் தசைத் திரட்சியையும் பிட்டம் மெலிந்து போவதையும் அதில் சேர்த்தார். இன்று உங்களிடம் வருகிறவர்களில் அந்த ஆறும் பொருந்துகிறவரைத் தேடினால் அபூர்வமாகத்தான் கிடைப்பார்.

கீழ்முதுகு வலிக்காரர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்ற கேள்விக்குப் புத்தகங்கள் 0.3 சதவீதம் முதல் 6 சதவீதம் வரை பதில் சொல்கின்றன. இருபது மடங்கு வித்தியாசம்! எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இன்னும் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

4. உட்காருவதைப் பற்றித்தான் அதிகம் கேளுங்கள். அதைவிட, உட்காருவதைப் பாருங்கள்.

நோயாளியைக் கூப்பிடும் முன் கதவோரமாக நின்று ஒரு நிமிடம் கவனியுங்கள். நாற்காலியின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, வலிக்கிற பக்கத்தை இரண்டு விரற்கடை தூக்கி, எடை முழுவதையும் மறுபக்கம் போட்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து சுவரில் சாய்ந்துகொள்வார். பெயர் கூப்பிட்டதும் நடந்து வரும்போது அவ்வளவாகச் சிரமம் தெரியாது. பேருந்து ஓட்டுநர் என்றால் ஒரு துண்டை மடித்து ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டு உட்காருவதாகச் சொல்வார். நாள் முழுக்க மெஷினில் உட்காரும் தையல்காரர், மதியத்துக்கு மேல் நின்றுகொண்டு துணி வெட்டும் வேலையை எடுத்துக்கொள்வதாகச் சொல்வார். இதெல்லாம் எந்த ஸ்கேனிலும் வராத செய்தி.

பிறகு கேளுங்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் வலி தொடங்குகிறது? கடினமான பலகையிலா, மெத்தை இருக்கையிலா? எழுந்தால் எவ்வளவு நேரத்தில் குறைகிறது? பர்ஸை எந்தப் பின்பாக்கெட்டில் வைப்பீர்கள்? பின்பாக்கெட் பர்ஸால் வந்த சயாட்டிகா பற்றி 1978-லேயே அமெரிக்க மருத்துவ சங்க இதழில் குறிப்பு வந்திருக்கிறது. ஆகவே இதைச் சில்லறைக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். வண்டியிலிருந்து பிட்டம் அடிபட விழுந்தது உண்டா? பிட்டத்தில் ஊசி போட்ட நாளிலிருந்து வந்த வலியா? ஊசி ஏறும்போதே கால்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தது, அன்றிலிருந்து பாதம் தூக்க வரவில்லை என்றால், அது ஊசி நரம்பில் பட்டதாக இருக்கலாம். அவரை உடனே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இருமினாலும் தும்மினாலும் காலில் சுரீர் என்று இறங்குகிறது என்பவருக்கு முதுகுப் பக்கம் சந்தேகம் கூடுகிறது. நடந்தால் கால் கனத்து மரத்து, குனிந்து உட்கார்ந்தால் நிம்மதி என்று சொல்லும் முதியவருக்குத் தண்டுவடப் பாதை சுருங்கியிருக்கலாம். பைரிஃபார்மிஸ்காரர் நேர்மாறு, உட்கார்ந்தால்தான் அவருக்கு வேதனை.

5. சிறுநீர், மலம் பற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, தொடைகளுக்கு இடையே மரத்துப் போனாலோ, இரண்டு காலும் ஒருசேரத் தளர்ந்தாலோ அன்றே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, வேகமாகக் கூடிவரும் பலவீனம் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஸ்ட்ரெட்ச்சை மூட்டை கட்டி வையுங்கள். நம் நாட்டில் காசநோய் முதுகெலும்பையும் சேக்ரோஇலியாக் மூட்டையும் பிடிக்கும் என்பதை மறக்கவே கூடாது.

6. இருபது, இருபத்தைந்து வயதுப் பையன் பிட்ட வலி என்று வந்தால் இன்னும் நிதானமாக இருங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது இவர்களைப் பற்றித்தான். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், நடமாட நடமாடக் குறைவது, ஓய்வில் கூடுவது, பின்னிரவில் வலியால் விழிப்பது, சில வாரம் வலப் பிட்டம், பிறகு இடப் பிட்டம் என்று மாறி மாறி வருவது. இது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். பையனும் பார்க்க ஆரோக்கியமாக இருப்பான், கிரிக்கெட் ஆடுவான். தசைப்பிடிப்பு என்று சொல்லி மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். அதற்குள் முதுகு வளையாமல் இறுகத் தொடங்கிவிடும். வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, கண் சிவந்து வலித்தது உண்டா என்று கேட்டு, வாதநோய் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இதே வயதிலும் சற்று மேலும், இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு மடிந்துபோகும் நோய் வரும். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் முதல் சந்தேகத்துக்குரியவர்கள். தொடையை உட்புறம் திருப்பிப் பாருங்கள். அசைவே குறைந்து தொடைச் சந்தில் வலித்தால் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ வரை போகாமல் விடக்கூடாது.

7. சுத்தியலை மேசை டிராயரிலிருந்து வெளியே எடுங்கள்.

கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால் எஸ்1 வேர்மீது சந்தேகம். கால் கட்டைவிரலை மேலே தூக்கும் வலு குறைந்தால் எல்5. இதுவரை எல்லோரும் பார்ப்பார்கள். பலர் விட்டுவிடுகிற ஒன்றைச் சொல்கிறேன். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலிக்கிற பக்கத்துக் காலை நேராக மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்துங்கள். காலைத் தூக்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசைக்குப் போகிற நரம்பு பைரிஃபார்மிஸுக்கு மேலே வெளியேறிவிடுகிறது. குளூட்டியஸ் மீடியஸுக்குள் ஓடுவதும் பெரும்பாலும் எல்5 வேர்தான். ஆகவே கட்டைவிரலும் வலுவில்லை, இந்தத் தசையும் வலுவில்லை என்றால் அடைப்பு பிட்டத்துக்கு மேலே, முதுகில் இருக்கவே வாய்ப்பு அதிகம். வலியால் விட்டுக்கொடுப்பதையும் உண்மையான பலவீனத்தையும் பிரித்துப் பாருங்கள். வலிக்குப் பயந்தவர் சட்டென்று விடுவார், பலவீனமானவர் மெல்ல மெல்லத் தோற்பார்.

முன்காலின் உட்பக்கம் மரத்துப் போனதென்றால் அது சயாட்டிக் நரம்பின் எல்லையே இல்லை, ஃபெமோரல் நரம்பின் கிளை. இரண்டு பாதமும் சமமாக மரத்திருந்தால் சர்க்கரை அளவைக் கேளுங்கள். சர்க்கரைக்காரருக்கும் வயதானவருக்கும் கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் இரண்டு பக்கமுமே இல்லாமல் இருப்பது சகஜம்.

பைரிஃபார்மிஸ் கோளாறில் பெரும்பாலும் இந்தப் பரிசோதனை சுத்தமாகவே வரும். அப்படி வருவதும் ஒரு தகவல்தான்.

8. காலை நேராகத் தூக்கும் சோதனை இரண்டு பக்கமும் பேசும்.

எஸ்எல்ஆர் வட்டுப் பிதுக்கத்திலும் வலிக்கும், பிட்டத்தில் நரம்பு சிக்கியிருந்தாலும் வலிக்கலாம். வலியில்லாத காலைத் தூக்கும்போது மறுகாலில் வலி இறங்கினால், அது வட்டின் பக்கம் பலமாகக் கை காட்டுகிறது. வலிக்கிற காலோடு நிறுத்திவிடுகிறவர்களே அதிகம்.

9. பைரிஃபார்மிஸ் சோதனைகளில் 'வலிக்குதா?' என்று கேட்காதீர்கள், 'நீங்க சொன்ன அதே வலியா?' என்று கேளுங்கள்.

ஃபேர் சோதனையில் நோயாளி ஒருக்களித்துப் படுப்பார், வலிக்கிற பக்கம் மேலே. இடுப்பை மடக்கி, முழங்காலை உட்புறம் சாய்த்து, தொடையை உள்ளே திருப்புகிறோம். ஃப்ரைபர்க் முறையில் நீட்டிய காலை உட்புறம் திருப்புகிறோம். இரண்டும் தசையை இழுப்பவை. பேஸ் முறையில், உட்கார்ந்திருப்பவர் இரு முழங்கால்களையும் நம் கைகளுக்கு எதிராக அகற்றித் தள்ளுவார். பீட்டி முறையில், ஒருக்களித்துப் படுத்து மடக்கிய முழங்காலை மேசையிலிருந்து தானே தூக்கிப் பிடிப்பார். இவை இரண்டும் தசையை வேலை வாங்குபவை.

இழுத்தால் எல்லோருக்கும் பிட்டம் இறுகத்தான் செய்யும். எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் நண்பருக்கும் இறுகும். முதலில் நல்ல பக்கம் செய்து காட்டிவிட்டுப் பிறகு வலிக்கிற பக்கம் வாருங்கள். ஃபேர் நிலையில் வலி தொடைச் சந்தில் வந்தால் இடுப்பு மூட்டு இடிபடுகிறது என்று பொருள். அதைப் பைரிஃபார்மிஸ் கணக்கில் எழுதுவது தினமும் நடக்கிறது.

ஒற்றைச் சோதனையை நம்பவும் வேண்டாம். 2014-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், உட்கார வைத்து இழுக்கும் சோதனை தனியாக 52 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. ஒருக்களித்த நிலையில் குதிகாலை மேசையில் அழுத்தி, தொடையை அகற்றித் திருப்பும் சோதனை 78 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது 91 சதவீதம். ஆனால் கோளாறு இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவரையும் அது பிடித்துவிட்டது.

10. தொட்டுப் பார்க்கும்முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

என்ன செய்யப் போகிறோம், எதற்காக என்று இரண்டு வாக்கியம் போதும். பெண் நோயாளி என்றால் உடன் வந்தவரோ பெண் ஊழியரோ அறையில் இருக்க வேண்டும், இதில் சலுகையே கிடையாது. துணிக்கு மேலேயே பார்க்கலாம். சேக்ரத்தின் ஓரத்துக்கும் தொடை எலும்பின் புடைப்புக்கும் இடையே கோடு போட்டுக்கொண்டு, கட்டைவிரலை மெல்ல இறக்குங்கள். மேலே குளூட்டியஸ் மேக்சிமஸ் தடிமனாகக் கிடக்கிறது. அது தளரும்வரை காத்திருக்காமல் குத்தினால் யாருக்கும் வலிக்கும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, அழுத்தும்போது அவருடைய வழக்கமான வலி காலில் இறங்குகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

11. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கடைசியில் படியுங்கள்.

நோயாளி உட்காரும் முன்பே பிளாஸ்டிக் உறையை நீட்டுவார், "எல்4 எல்5-ல பல்ஜ் சார்" என்பார். வாங்கி ஓரமாக வையுங்கள். 1994-இல் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மட்டத்தில் வட்டு புடைத்திருந்தது. எல்லா வட்டும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். படத்தில் தெரிவதும் பரிசோதனையில் கிடைத்ததும் ஒரே பக்கம், ஒரே வேர் என்று பொருந்தினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு.

மறுபக்கமும் உண்டு. ஸ்கேன் சுத்தமாக வந்துவிட்டது, அப்படியானால் பைரிஃபார்மிஸ்தான் என்று தாவுவது அதே அளவு தவறு. முதுகுக்கு எடுத்த ஸ்கேனில் பிட்டத்தின் ஆழம் முழுசாக வருவதே இல்லை. அங்கே பின்தொடைத் தசையின் வேர், தொடை எலும்புக்கும் உட்காரும் எலும்புக்கும் இடையிலான நெருக்கம், நார்த்திசுப் பட்டைகள், கட்டி என்று நரம்பை உறுத்தப் பல உண்டு. அதனால்தான் இப்போது பலர் 'டீப் குளூட்டியல் சிண்ட்ரோம்' என்ற பெரிய குடையைப் பிடிக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் மட்டும் கூடும் சயாட்டிகா என்றால் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புங்கள். எண்டோமெட்ரியோசிஸ் அரிதாக அந்த நரம்பருகிலும் உட்காரும்.

12. முதல் சில வார சிகிச்சையும் பரிசோதனையின் பகுதிதான்.

"கரண்ட் வைக்க மாட்டீங்களா?" என்பார்கள். வையுங்கள், ஆசுவாசம் கிடைக்கட்டும். ஆனால் கரண்டால் குறைந்த வலி நோயை அடையாளம் காட்டாது. பர்ஸ் சட்டைப் பைக்கு மாறட்டும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்கட்டும். இதமான இழுப்பும், இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் நான்கிலிருந்து ஆறு வாரம் நடக்கட்டும். இழுக்கும்போது பாதத்தில் ஊசி குத்துவது கூடினால், நரம்பைத்தான் இழுக்கிறோம், குறைத்துக்கொள்ள வேண்டும். நிலைமை அசையவே இல்லையென்றால் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் பார்த்து பைரிஃபார்மிஸ் தசையில் மரத்துப்போகும் மருந்து செலுத்திப் பார்ப்பார். உடனே வலி விலகினால் சந்தேகம் வலுப்படும். மருந்து பக்கத்துக்குப் பரவியும் வலி குறைந்திருக்கலாம் என்பதால் அதையும் தீர்ப்பாக எடுக்க முடியாது. அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே.

13. குறிப்பேட்டில் முதல் நாளே நோயின் பெயரை எழுதாதீர்கள்.

"வலப் பிட்டம், பின்தொடை வரை. உட்கார்ந்து 20 நிமிடத்தில் கூடுகிறது. வலு, ரிஃப்ளெக்ஸ் சரி. எஸ்எல்ஆர் இரு பக்கமும் சரி. ஃபேர், பேஸ் வலப்பக்கம் அதே வலி. இடுப்பு மூட்டு அசைவு முழுமை." இப்படி எழுதி, கீழே 'பைரிஃபார்மிஸ்' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நோயாளியிடமும் அதையே சொல்லலாம்: "முதுகுல நரம்பு நசுங்குன மாதிரி தெரியலண்ணே. பிட்டத்துல இருக்கற தசை உறுத்துதுன்னு நினைக்கிறேன். நாலு வாரம் பாப்போம். நடுவுல கால் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வரலன்னாலோ, யூரின்ல தொந்தரவு வந்தாலோ அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேணாம்." அடுத்த முறை வரும்போது எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது என்பதை முதலில் கேட்டு, அதே பக்கத்தில் தேதி போட்டு எழுதுங்கள்.